யாருடைய ஆயுள்? கியர்பாக்ஸ் ஆயில் பற்றி மூன்று பிரதிகள்

சிற்றிதழ்களுக்கு ஆயுள் சந்தா கட்டியவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். ஆயுள் என்றால் சந்தாதாரருடைய ஆயுள் என்று நினைத்துப் பணம் அனுப்புவார்கள். ஆறு இதழ் வரும். ஏழாவது வராது. அவர்கள் சொன்னது பத்திரிகையின் ஆயுளை. யாரும் பொய் சொல்லவில்லை. ‘யாருடைய ஆயுள்?’ என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

கார் உலகத்திலும் இப்படி ஒரு சொல் உண்டு: ‘லைஃப்டைம் ஃப்ளூயிட்’. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் திரவத்தை வண்டியின் ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்பது இதன் பொருள். புது வண்டி வாங்குபவருக்கு நல்ல செய்தி, ஒரு செலவு மிச்சம். 96,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியை இன்னொருவரிடம் வாங்கி, முந்தைய சர்வீஸ் விவரம் எதுவும் கையில் இல்லாமல் நிற்பவருக்கு இந்தச் சொல் வேறு மாதிரி கேட்கும். என் நிலைமை அதுதான். 2011 மாடல் ஹோண்டா சிட்டி, 5 ஸ்பீடு ஆட்டோமேட்டிக், நான் இரண்டாவது உரிமையாளர். அந்தத் திரவத்தை வீட்டிலேயே மாற்றுவதற்கு முன்னால் இரண்டு மாதம் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன், பார்த்தேன், கேட்டேன். இந்தப் பதிவு ‘எப்படி மாற்றுவது’ என்ற செய்முறைக் குறிப்பு இல்லை. அந்தச் செய்முறைக் குறிப்புகளைப் பற்றிய விமர்சனம். கவிதையையும் நாவலையும் மட்டும்தான் விமர்சிக்க வேண்டுமா என்ன? நம் வீட்டுப் பணத்தையும் சில சமயம் உயிரையும் நம்பி ஒப்படைக்கிற எழுத்துகளை யாருமே விமர்சிப்பதில்லை என்பது எனக்குப் பல நாளாக இருக்கும் குறை.

ஒரு தெளிவு. நம்மூரில் ‘ஆட்டோமேட்டிக்’ என்று நாலு விதமான வண்டிகளைச் சொல்கிறோம். ஏ.எம்.டி. என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சையும் கியரையும் நமக்குப் பதில் ஒரு இயந்திரக் கை மாற்றும். சி.வி.டி.யில் பெல்ட்டும் கப்பியும். இரட்டைக் கிளட்ச் தனி வகை. நான் பேசுவது நாலாவது வகை, டார்க் கன்வர்ட்டர் வைத்த பழைய பாணி ஆட்டோமேட்டிக். ஒன்றுக்கான திரவத்தை இன்னொன்றில் ஊற்றினால் கியர்பாக்ஸ் போச்சு. எனவே உங்கள் வண்டி எது என்று தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

அது வெறும் எண்ணெய் இல்லை

என்ஜின் ஆயிலுக்கு முதன்மையான வேலை உராய்வைக் குறைப்பது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் திரவத்துக்கு, சுருக்கமாக ஏ.டி.எஃப்., அந்த வசதி கிடையாது. பற்சக்கரங்களுக்கு நடுவே உராய்வைக் குறைக்க வேண்டும். அதே நேரம் கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று பிடிக்கும்போது சரியான அளவு உராய்வு இருக்க வேண்டும். கூடினால் வண்டி வெட்டும், குறைந்தால் வழுக்கும். இதற்கு மேல் டார்க் கன்வர்ட்டரில் என்ஜினின் சக்தியைக் கடத்துவதும் இதே திரவம். வால்வுகளைத் தள்ளி கியர் மாற்றுவதும் இதே திரவத்தின் அழுத்தம். சூட்டைக் கூலருக்கு எடுத்துப் போவதும் இதுவே. ஒரே ஆள் நாலு வேலை பார்க்கும் சின்ன கம்பெனி மாதிரி.

ஜெனரல் மோட்டார்ஸ் 1939-ல் ஹைட்ரா-மேட்டிக் கியர்பாக்ஸை அறிவித்து, 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபில் வண்டிகளில் விற்றது. ஆட்டோமேட்டிக்குகளுக்கென்றே தனித் தரமாக ‘டைப் ஏ’ 1949-ல் வந்தது. பிறகு டெக்ஸ்ரான். அந்தக் காலத்துத் திரவங்களில் உராய்வைச் சரியான அளவில் நிறுத்திவைக்க ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய் சேர்த்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா அழிந்துவரும் உயிரினங்களுக்கான சட்டப் பாதுகாப்பைக் கடுமையாக்கியதும் அந்த வழி அடைபட்டது. மாற்று ரசாயனங்களைத் தேடி ஓட வேண்டியிருந்தது. ஒரு திமிங்கிலத்தின் கொழுப்பு இல்லாமல் ஒரு நாட்டின் கார்கள் திண்டாடின என்பதை யோசித்துப் பாருங்கள். இந்தத் திரவத்தின் உயிர், அடிப்படை எண்ணெயில் இல்லை. அதில் சிறு அளவில் கலந்திருக்கும் சேர்க்கைப் பொருட்களில் இருக்கிறது. எண்ணெய் எண்ணெயாகவே இருக்கும். சேர்க்கைகள் சூட்டிலும் காற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். அளவு குறையாததால் எல்லாம் நன்றாக இருப்பது போலவே தெரியும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு மூன்று பிரதிகளுக்குப் போவோம்.

முதல் பிரதி: அட்டவணை

வண்டியோடு வரும் கையேட்டில் பராமரிப்பு அட்டவணை ஒன்று இருக்கும். இலக்கிய நயம் இல்லாத எழுத்து என்று நாம் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். கவனமாகப் படித்தால் சாமர்த்தியமான எழுத்து அது.

ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அவர்களுடைய 8 வேக ஆட்டோமேட்டிக்கை பி.எம்.டபிள்யூ. உட்படப் பல கார் நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன. பி.எம்.டபிள்யூ. பல ஆண்டுகளாக இந்தத் திரவத்தை ‘லைஃப்டைம்’ என்றே சொல்லி வந்திருக்கிறது. கியர்பாக்ஸைச் செய்த இசட்.எஃப்.பின் உதிரிபாகப் பிரிவு என்ன சொல்கிறது? ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுகளில் மாற்றச் சொல்கிறது. மாற்றுவதற்கான திரவம், வடிகட்டியோடு சேர்ந்த அடித்தட்டு, போல்ட்டுகள் எல்லாவற்றையும் பெட்டி போட்டு விற்கவும் செய்கிறது. உதிரிபாகம் விற்பவருக்கு மாற்றச் சொல்வதில் லாபம் உண்டு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதே கேள்வியைப் புது வண்டி விற்பவரிடமும் கேட்க வேண்டும். ‘பராமரிப்புச் செலவு குறைவு’ என்று விளம்பரம் செய்ய அவருக்கு லாபம் இல்லையா? இரண்டு தரப்பும் வியாபாரிகள்தான். ஒரே பெட்டியைப் பற்றி இரண்டு பேரும் ஒரே ‘ஆயுள்’ கணக்கை வைத்திருக்கவில்லை. ஆயுள் என்பதை வாரண்டி முடிந்து கொஞ்ச காலம் என்று படித்தால் இரண்டு கூற்றும் முரண்படாமல் பொருந்திவிடுகின்றன.

எங்கள் மென்பொருள் துறையில் இந்த விஷயத்தில் கொஞ்சம் நேர்மை அதிகம். உபுண்டுவின் ‘நீண்டகால ஆதரவு’ பதிப்பு என்றால் வழக்கமான ஆதரவு 5 ஆண்டு என்று எண் போட்டுச் சொல்வார்கள். ‘நீண்ட’ என்ற பெயரடையை நம்பி யாரும் ஏமாற வேண்டியதில்லை. கார் கையேடு எண் போட மறுக்கும் இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் வருகிறது.

அட்டவணையின் இரண்டாவது சாமர்த்தியம் ‘இயல்பான பயன்பாடு’, ‘கடினமான பயன்பாடு’ என்ற பிரிவு. டொயோட்டாவின் அமெரிக்கப் பராமரிப்பு வழிகாட்டிகளில் பல மாடல்களுக்கு இந்தத் திரவத்தை மாற்றும் வரி பொது அட்டவணையில் இருக்காது. சிறப்புச் சூழல் என்ற தலைப்புக்குக் கீழே இருக்கும்: வண்டி இழுவையோ அதிக பாரமோ ஏற்றினால் 60,000 மைலில் மாற்றவும் என்று. பொதுவாகவே கார் கையேடுகள் எதையெல்லாம் ‘கடினம்’ என்று வகைப்படுத்துகின்றன? நின்று நின்று ஊர்தல், குறுகிய தூரப் பயணங்கள், தூசி, கடும் வெயில். இதைப் படித்துவிட்டு சாயங்காலம் ஆறரை மணிக்குச் சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கம் போய்ப் பாருங்கள். அடிக்குறிப்பில் விதிவிலக்காக வைத்த வாழ்க்கைதான் இங்கே எல்லாருடைய அன்றாடம். அட்டவணையின் ‘இயல்பு’ நம் தெருவில் இல்லை.

மூன்றாவது, டிப்ஸ்டிக். பழைய ஆட்டோமேட்டிக்குகளில் திரவத்தின் மட்டத்தைப் பார்க்க ஒரு கம்பி இருக்கும். இழுத்துத் துடைத்துவிட்டுப் பார்க்கலாம், நிறத்தைப் பார்க்கலாம், முகர்ந்தும் பார்க்கலாம். இப்போது பல வண்டிகளில் அந்தக் கம்பியை எடுத்துவிட்டார்கள். இதற்கு நியாயமான பொறியியல் காரணம் உண்டு: கண்டவர்கள் திறந்து கண்டதை ஊற்றுவதும், அளவுக்கு மீறி நிரப்புவதும், தூசி விழுவதும் தடுக்கப்படும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விளைவு என்ன? ‘மாற்ற வேண்டாம்’ என்று ஒருவர் சொல்கிறார். அந்தக் கூற்றைச் சரிபார்க்கும் ஒரே கருவியையும் அவரே எடுத்துவிடுகிறார். மேற்கோள் மட்டும் கொடுத்துவிட்டு மூலநூலைப் பூட்டிவைத்த மாதிரி. ஒரு சின்ன வேடிக்கை: ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று சொல்லப்படும் பெட்டிகளிலும் அடியில் வடிகால் போல்ட் இருக்கத்தான் செய்கிறது. பொறியாளர் எழுதியதை விளம்பரக்காரரால் முழுக்க அழிக்க முடியவில்லை.

இரண்டாம் பிரதி: மெக்கானிக் வாய்மொழி

“ஓடுற வண்டியை ஏன் சார் நோண்டுறீங்க?”

இதை எனக்குத் தெரிந்த மூன்று மெக்கானிக்குகளாவது சொல்லியிருக்கிறார்கள். கூடவே ஒரு கதையும் வரும். “ஒருத்தர் ஒரு லட்சம் ஓடின வண்டிக்கு ஆயில் மாத்தச் சொன்னார் சார். மாத்திக் குடுத்தேன். ஒரே மாசத்துல கியர்பாக்ஸ் அவுட். பழைய ஆயில்ல இருக்கிற பவுடர்தான் சார் கிளட்சைப் பிடிச்சிட்டு இருக்கும். அதை எடுத்தா முடிஞ்சுது.”

இது நாட்டார் வழக்கு. உலகம் முழுக்க இதே கதை இதே வடிவத்தில் இருக்கிறது. அதனால் இதைக் கிண்டல் செய்து ஒதுக்கக் கூடாது. ஒரு கதை இத்தனை இடத்தில் நிலைத்திருக்கிறது என்றால் அதற்கு அடியில் பார்த்த அனுபவம் இருக்கும். பார்த்தது உண்மை. அதற்குச் சொல்லும் காரணம்தான் தவறு என்பது என் வாசிப்பு.

ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை திரவத்தை நினைத்துப் பார்க்காத உரிமையாளருக்குத் திடீரென்று ஏன் ஞாபகம் வருகிறது? வண்டி வழுக்க ஆரம்பித்திருக்கும். ‘டி’யில் போட்டால் ஒரு நொடி யோசித்து நகரும். இரண்டாவதிலிருந்து மூன்றாவது போகும்போது உதைக்கும். அதாவது கிளட்ச் தட்டுகள் தேய்ந்து முடிந்த பிறகுதான் அவர் பட்டறைக்கு வருகிறார். புதுத் திரவம் தேய்ந்த தட்டை வளர்த்துக் கொடுக்காது. வண்டி ஒரு மாதத்தில் நிற்கிறது. நேரப்படி ஆயில் முந்தி, சாவு பிந்தி. ஆகவே ஆயில்தான் கொன்றது என்று கதை முடிகிறது. ஆஸ்பத்திரியில் சேர்ப்பவர்களில்தான் நிறையப் பேர் சாகிறார்கள், ஆகவே ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எந்தத் தொல்லையும் இல்லாத வண்டிக்கு மாற்றி, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தால் அந்த உரிமையாளர் பட்டறைக்குத் திரும்பி வந்து கதை சொல்லப் போவதில்லை. கதைகள் ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே சேர்கின்றன.

கதையில் எடுத்துக்கொள்ள வேண்டிய பகுதியும் இருக்கிறது. இயந்திரத்தை இணைத்து அழுத்தத்தோடு முழுத் திரவத்தையும் தள்ளி எடுக்கும் ‘ஃப்ளஷ்’ முறை, பல வருடம் அடியில் படிந்த கசடைக் கிளப்பி வால்வுகளின் சின்னச் சின்ன வழிகளில் கொண்டுபோய் அடைக்கக்கூடும். அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் பலரும் வெறுமனே போல்ட்டைத் திறந்து வடிந்ததை மட்டும் வடிய விட்டு, அதே அளவு புதுசு ஊற்றும் வழியைச் சொல்கிறார்கள். மெக்கானிக் அண்ணன் இந்த இரண்டையும் ஒரே பெயரில் சேர்த்துவிட்டார். ஏற்கெனவே வழுக்கும் வண்டிக்கு அவருடைய எச்சரிக்கையை எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள் என்று மொழிபெயர்க்கலாம். நன்றாக ஓடும் வண்டிக்கு அது பொருந்தாது.

மூன்றாம் பிரதி: வீடியோ

இணையத்தில் இருக்கும் செய்முறை வீடியோக்களுக்கு நான் கடன்பட்டவன். கையேடு பூட்டிவைத்ததை இவர்கள்தான் திறந்து காட்டினார்கள். அந்த மரியாதையோடு சொல்கிறேன்: இந்த வடிவத்துக்கு ஒரு நாடகப் பழக்கம் இருக்கிறது. உச்சக் காட்சி எப்போதும் ஒன்றுதான். போல்ட் கழலும், கறுத்த திரவம் கொட்டும், “பாருங்க எவ்வளவு மோசமா இருக்கு” என்பார் நடத்துபவர். அடுத்து செக்கச் செவேல் என்று புதுசு ஊற்றப்படும். அழுக்கு போய்ச் சுத்தம் வந்த திருப்தி நமக்கு.

அந்தச் சிவப்பு ஒரு சாயம். கசிவு ஏற்பட்டால் அது என்ஜின் ஆயிலா, கியர்பாக்ஸ் திரவமா என்று பிரித்தறியச் சேர்த்தது. உயவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நிறம் மங்கியதால் மட்டுமே திரவம் செத்துவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. சிவப்பாக இருப்பதால் நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. கருகிய வாசனையும் போல்ட்டின் காந்தத்தில் ஒட்டியிருப்பதும் கொஞ்சம் நம்பத்தக்க சாட்சிகள். காந்தத்தில் மை போல மென்மையான சாம்பல் படலம் என்றால் வழக்கமான தேய்மானம். நகத்தில் தட்டுப்படும் உலோகத் துண்டு என்றால் வேறு கதை. என் வண்டியில் இருந்தது படலம் மட்டும். வீடியோக்காரர்கள் பெரும்பாலும் இந்தக் காந்தத்தை ஒரு நொடி காட்டிவிட்டுத் துடைத்துவிடுவார்கள். வாசிக்க வேண்டிய பக்கமே அதுதான்.

இந்த வடிவத்தின் பெரிய குறை, ஒரு வண்டிக்கான உண்மையை எல்லா வண்டிக்கும் சொல்லிவிடுவது. மட்டம் பார்ப்பதையே எடுங்கள். டிப்ஸ்டிக் உள்ள டொயோட்டாக்களில் வண்டி சூடானதும், என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, கியரை எல்லா நிலைக்கும் ஒருமுறை கொண்டுபோய்ப் ‘பி’க்குத் திரும்பி, ஓடும்போதே மட்டம் பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக் உள்ள ஹோண்டாக்களில் சூடானதும் என்ஜினை அணைத்துவிட்டு 60 முதல் 90 நொடிக்குள் பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக்கே இல்லாத புதிய டொயோட்டாக்களில் திரவத்தின் சூடு 40 டிகிரி சுற்றுவட்டத்தில் இருக்கும்போது, என்ஜின் ஓட, அடியில் உள்ள சோதனை போல்ட்டைத் திறந்து மிகுதி சொட்டுச் சொட்டாக வழிகிறதா என்று பார்க்க வேண்டும். திரவம் சூட்டில் விரியும் என்பதால் சூடு தவறினால் மட்டமும் தவறும். மூன்றும் சரி, மூன்றையும் மாற்றிச் செய்தால் மூன்றும் தப்பு. வண்டியின் முன்பக்கத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு மட்டம் பார்க்கும் வீடியோக்களும் உண்டு. வடிப்பதற்கு அது பரவாயில்லை. மட்டம் பார்க்க வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும்.

அடுத்தது, சொல்லாமல் விடுபவை. நான் பார்த்தவற்றில் பாதிக்கும் மேல் சொல்லாத மூன்று விஷயங்கள்:

ஒன்று, ஊற்றும் வழியின் மூடியை முதலில் கழற்று. வடிகால் போல்ட்டை அப்புறம் தொடு. வடித்த பிறகு மேல் மூடி துருப்பிடித்துக் கழலவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்கும், நகர்த்தவும் முடியாது.

இரண்டு, வடிந்ததை அள. பழையது இரண்டரை லிட்டர் வந்தால் புதுசும் இரண்டரை லிட்டர். அப்புறம்தான் மட்டம் பார்த்துச் சரிசெய்வது. என் வண்டியில் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வந்தது. அளவு பார்க்காமல் பக்கெட்டில் வடித்துக் கொட்டிவிட்டால் முன்பு குறைவாக இருந்ததா கூடுதலா என்ற தகவலே போய்விடும்.

மூன்று, ஜாக்கி. வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றத்தான். அதை மட்டும் நம்பி அடியில் தலையை விடக் கூடாது. கெட்டியான தரை, எடை தாங்கும் ஸ்டாண்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை. ‘ரொம்ப ஈஸிங்க, அரை மணி நேர வேலை’ என்று ஆரம்பிக்கும் ஒரு வீடியோவில் ஆள் அடியில் படுத்திருக்க, ஸ்டாண்டு இருக்கிறதா இல்லையா என்பதே கேமராவில் தெரியவில்லை. ஆயிலைப் பற்றிய தவறு பணத்தோடு போகும். இது அப்படி இல்லை.

சின்ன விஷயம் ஒன்று, ஆனால் இதில்தான் நிறையப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். ஹோண்டாவின் வடிகால் போல்ட்டில் ராட்செட்டின் சதுர முனையே நேராக நுழையும், தனி சாக்கெட் வேண்டாம். அதை 49 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்க வேண்டும். அடியில் இருக்கும் அலுமினிய வாஷர் ஒருமுறை நசுங்கிச் சீல் ஆவதற்கென்றே செய்தது, ஒவ்வொரு முறையும் புதுசு போட வேண்டும். வாஷரை மாற்றாதவர் கசிவைப் பார்த்துவிட்டு இன்னும் இறுக்குவார். கியர்பாக்ஸின் உடலும் அலுமினியம்தான். மரை போய்விடும். சில ரூபாய் வாஷரில் ஆரம்பித்தது கியர்பாக்ஸை இறக்கும் வரை போகும்.

எண்களின் நாடகம்

இந்த உலகத்தில் சுற்றும் ஒரு அட்டவணையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திரவம் 175 ஃபாரன்ஹீட்டில் இருந்தால் 1,00,000 மைல் வரும், அதற்கு மேல் ஒவ்வொரு 20 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்று அழகாகப் படம் போட்டிருப்பார்கள். பார்த்தால் யாரோ ஆய்வுக்கூடத்தில் வண்டி வண்டியாக ஓட்டி அளந்தது போல இருக்கும். 20 ஃபாரன்ஹீட் என்பது சுமார் 11 செல்சியஸ். சூடு 10 செல்சியஸ் கூடினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்று பிளஸ் டூ வேதியியலில் படித்த தோராய விதிதான் இது. தொடக்கத்தில் ஒரு முழு எண்ணை வைத்துக்கொண்டு பாதி பாதியாக வகுத்திருக்கிறார்கள். திசை சரி: சூடுதான் இந்தத் திரவத்தின் எதிரி, நெரிசலில் ஊரும் வண்டிக்கு நெடுஞ்சாலை வண்டியைவிடச் சீக்கிரம் வயதாகும். எண்களை மட்டும் அளவீடு என்று நம்ப வேண்டாம்.

கணக்கு உண்மையில் உதவும் இடம் வேறு. வடிகால் போல்ட் வழியே முழுத் திரவமும் வராது. டார்க் கன்வர்ட்டரிலும் குழாய்களிலும் பாதிக்கு மேல் தங்கிவிடும். ஒருமுறைக்கு 40 சதவீதம் மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் முறைக்குப் பின் பழையது 60 சதவீதம் மிச்சம். இரண்டாம் முறைக்குப் பின் 36. மூன்றாம் முறைக்குப் பின் 21.6. நான்காவதில் 13 சதவீதத்துக்கு வந்துவிடும். ஒவ்வொரு முறையும் அதே அளவு திரவம் செலவாகிறது, ஆனால் பலன் குறைந்துகொண்டே போகிறது. மூன்று முறையோடு நிறுத்துவது ஏன் வழக்கமாயிற்று என்பது இதில் புரியும். ஒவ்வொரு முறைக்கும் நடுவில் வண்டியை ஓட்டிப் பழையதும் புதியதும் கலக்க விட வேண்டும் என்பதும் புரியும். ‘மூணு தடவை மாத்துங்க’ என்று மட்டும் சொல்லும் வீடியோ கட்டளை கொடுக்கிறது. இந்த நாலு எண்ணையும் சொன்னால் பார்ப்பவர் தன் பட்ஜெட்டுக்கு ஏற்பத் தானே முடிவு செய்துகொள்வார்.

பாட்டிலின் முகப்பில் இருப்பதும் வாசிக்க வேண்டிய பிரதிதான். ‘எல்லா வண்டிக்கும்’ என்று போட்ட பாட்டிலின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருபது முப்பது தரங்களின் பெயர் இருக்கும். அதற்கு முன்னால் என்ன வினைச்சொல் இருக்கிறது என்று பாருங்கள். ‘பயன்படுத்தப் பொருத்தமானது’ என்பது பாட்டில் தயாரிப்பவர் தானே கொடுக்கும் வாக்கு. டெக்ஸ்ரான் போன்ற தரங்களுக்கு உரிமம் பெற்று உரிம எண்ணோடு விற்பது வேறு, அங்கே கார் நிறுவனமும் பொறுப்பேற்கிறது. இரண்டும் ஒரே எழுத்து அளவில் அச்சாகியிருக்கும். என் வண்டிக்கு ஹோண்டாவின் சொந்தத் திரவமான டி.டபிள்யூ.-1 வாங்கினேன். முன்பு அவர்கள் விற்ற இசட்-1-க்குப் பதிலாக வந்தது அது. வெளித் தயாரிப்பு எல்லாம் மோசம் என்பது என் வாதம் இல்லை. முந்தைய உரிமையாளர் என்ன ஊற்றினார் என்றே தெரியாத வண்டியில், சந்தேகப்பட வேண்டியவற்றின் பட்டியலில் ஒன்றையாவது குறைக்கலாம் என்பதுதான்.

இரண்டாவது வாசகர்

மூன்று பிரதிகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பொது அம்சம் தெரிகிறது. கையேடு முதல் உரிமையாளரை நோக்கி எழுதப்பட்டது. அவருடைய ‘ஆயுள்’ வாரண்டியோடும் அடுத்த வண்டியோடும் முடிகிறது. மெக்கானிக்கின் கதை, தன் பட்டறையில் நிற்கும் வண்டிக்குத் தான் பழி ஏற்க வேண்டாம் என்ற கவலையிலிருந்து பிறந்தது. அந்தக் கவலையை நான் குறை சொல்ல மாட்டேன், அவருடைய கூலியைவிடப் பல மடங்கு விலையுள்ள பெட்டி அது. வீடியோ பார்வையாளரை நோக்கியது. வண்டியை நோக்கியது இல்லை. பழைய வண்டியை வாங்கி, அதைப் பத்து வருஷம் ஓட்ட நினைத்து, கியர்பாக்ஸ் போனால் வண்டியின் விலையில் பெரும் பங்கு போய்விடும் என்ற நிலையில் இருப்பவரை நோக்கி யாருமே எழுதவில்லை. நம்மூரில் முதல் கார் வாங்கும் குடும்பங்களில் எத்தனையோ பேருக்கு அது செகண்ட் ஹேண்ட் கார்தான். அடுத்தவருக்கு எழுதிய கடிதத்தைப் பிரித்துப் படித்து வாழ்க்கை நடத்துகிறோம்.

அப்படியானால் நல்ல பிரதி எப்படி இருக்கும்? பெரிய ஆசை எதுவும் இல்லை. ‘ஆயுள்’ என்று எழுதுகிறவர் பக்கத்தில் கிலோமீட்டரையும் வருடத்தையும் போட வேண்டும். ‘செய்’ என்று சொல்கிறவர் எந்த மாடலுக்கு, எந்தச் சூட்டில், எந்த அளவில் என்று சொல்ல வேண்டும். ‘செய்யாதே’ என்று சொல்கிறவர் எந்த நிலையில் உள்ள வண்டிக்கு என்று சொல்ல வேண்டும். வடித்த பழைய திரவத்தைச் சாக்கடையில் கொட்டக் கூடாது என்பதையும் யாராவது சொன்னால் நல்லது. பயன்படுத்திய எண்ணெய் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரக் கழிவு வகையில் வருகிறது. பழைய ஆயிலைச் சேர்த்து மறுசுழற்சிக்குக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கேனோடு கொடுத்துவிடலாம். நான் அப்படித்தான் கொடுத்தேன்.

மாற்றிய பிறகு வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். ‘பட்டு மாதிரி ஓடுகிறது’ என்று எழுதினால் நானும் வீடியோக்காரர் ஆகிவிடுவேன். முன்பும் தொல்லை இல்லை, இப்போதும் இல்லை. இந்த வேலையின் பலனை உடனே உணர முடியாது, அதனால்தான் அதைப் பற்றி நேர்மையாக எழுதுவது கடினம். உணர முடிந்ததை எழுதாமல் செய்ததை எழுதிவைத்திருக்கிறேன். ஒரு தாளில் தேதி, மீட்டர் காட்டிய கிலோமீட்டர், வடிந்த அளவு, ஊற்றிய அளவு, திரவத்தின் பெயர், காந்தத்தில் கண்டது, அடுத்து எப்போது. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு டாஷ்போர்டு அறையில் கையேட்டோடு வைத்துவிட்டேன். இந்த வண்டிக்கு மூன்றாவது உரிமையாளர் ஒருவர் வருவார். அவர் என்னைப் போல இரண்டு மாதம் படிக்க வேண்டியதில்லை.